சரி போட்ட கட்டங்கள்

காலை எட்டு மணிக்கு நாதன் பாதுகாப்புக் காலணியை மாட்டிக்கொண்டார். மாலை ஆறு மணிக்குக் கழற்றினார். இடைப்பட்ட பத்து மணி நேரமும் வலது காலணிக்குள் ஓர் இரும்பு நட்டு கிடந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

மாக் மண்டினில் இரும்புத் தகடுகளை வெட்டி வளைக்கும் ஒரு பட்டறையில் அவர் ஸ்டோர் கீப்பர். வயது ஐம்பத்தாறு. நாள் முழுக்க நடைதான். தட்டு தட்டாகப் பெட்டிகளை எண்ண வேண்டும், ஏணியில் ஏறி இறங்க வேண்டும், லோரி வந்தால் வாசல்வரை போய்ச் சாமான்களைச் சரிபார்க்க வேண்டும். முந்தின நாள் மேல்தட்டிலிருந்து ஒரு நட்டுப் பெட்டி சரிந்து கொட்டியிருந்தது. எல்லாரும் சேர்ந்து கூட்டிப் பெருக்கினார்கள். சுவரோரம் கிடந்த காலணிகளை உதறிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காலணியைக் கவிழ்த்தபோது நட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து ‘டிங்’ என்று உருண்டது. நாதன் அதைக் குனிந்து எடுத்தார். ஈரமாக இருந்தது. காலுறையின் அடிப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே, பழுப்பும் சிவப்புமாக நனைந்திருந்தது. அவர் காலுறையைக் கழற்றவில்லை. நட்டை ஒரு துணியில் துடைத்து, அது இருக்கவேண்டிய பெட்டியில் போட்டார். பிறகு வீட்டுக்குப் போடும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபெரிக்குப் போனார்.

கடலைத் தாண்டும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் மனைவி ஜோவானிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்தபோது ஜோவான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“வந்துட்டீங்களா? தே ஓ கொசோங் கலக்கி வெச்சிருக்கேன், சீனி இல்லாம.”

“சரி.”

“இன்னைக்கு எப்படி?”

“எப்பவும் போலத்தான்.”

அத்தோடு முடிந்தது. சொல்ல வேண்டிய நேரம் வந்தது, போய்விட்டது.

சொல்லாததற்குக் காரணம் சமையலறையிலேயே, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் கிளினிக்கில் இருவரும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். நாதனுக்கு இனிப்பு நீர் நோய் முற்றிப்போயிருந்தது. ஜோவானுக்கு எல்லையில் நின்றது. அங்கே தாதியாக இருந்த மிஸ்ஸி நஸீஹா இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். மருந்து மட்டும் போதாது, தினசரிப் பழக்கம் மாறவேண்டும் என்றார். நாதனின் பாதத்தில் ஒரு மெல்லிய நைலான் நூலால் இங்கும் அங்குமாகத் தொட்டுவிட்டு, “தெரிகிறதா, அங்கிள்?” என்று மலாயில் கேட்டார். சில இடங்களில் தெரியவில்லை. இனிமேல் தினமும் கால்களைப் பார்க்கவேண்டும், முகம் கழுவுவது போல அதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நஸீஹா சொன்னார்.

ஜோவான் பாலர் பள்ளி ஆசிரியை. எதையும் மணிலா அட்டையில் எழுதி ஒட்டினால்தான் அவளுக்கு அது நடக்கும். அன்று மாலையே வண்ணப் பேனாக்களோடு உட்கார்ந்துவிட்டாள். மேலே இருவர் பெயர். பக்கத்தில் ஐந்து வரிசை. மருந்து, சீனி இல்லாத தேத்தண்ணி, அரை மணி நேர நடை, பத்து மணிக்குப் படுக்கை, கால் பார்த்தல். மாலை ஜெபம் முடிந்ததும் இருவரும் ஐஸ்பெட்டி முன்னால் நின்று அவரவர் கட்டத்தில் சரி போடுவார்கள். மாதம் முடிந்தால் புது அட்டை. பழைய அட்டைகளை அவள் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள்.

முதல் மூன்று மாதம் நாதன் உண்மையாகவே செய்தார். வீட்டுக்குக் கீழே இருந்த பூங்காவை இருவரும் நான்கு சுற்று சுற்றினார்கள். சனிக்கிழமைகளில் அணைக்கட்டுச் சாலையில் ஏறினார்கள். இடுப்பு வாரில் ஒரு ஓட்டை கூடுதலாகக் குத்தவேண்டி வந்தது. பிறகு பட்டறையில் வேலை கூடியது. மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. ஜோவான் பேனாவை நீட்டி, “நடந்தீங்களா?” என்று கேட்டாள். “பகல் சாப்பாட்டு நேரத்துல பட்டறையைச் சுத்தி நடந்துட்டேன்” என்றார். அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு தண்ணியும் அப்படித்தான் ஆனது. ஃபெரி இறங்கியதும் ஒரு கடையில் பாலும் சீனியும் சேர்த்து ஆற்றிய தே தாரேக், வாரத்தில் இரண்டு நாள் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ். மருந்தை ஞாபகம் இருந்தால் போட்டார். கிளினிக்குக்கு “நீ லீவு எடுக்க வேணாம், நானே போய்க்கறேன்” என்று தனியாகப் போனார். கடைசி இரண்டு முறை மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்காமலே திரும்பினார்.

ஆனால் ஐந்தாவது வரிசை வேறு. அதில் ஒரு நாள்கூட அவர் உண்மை சொன்னதில்லை. “பாத்துட்டு வரேன்” என்று படுக்கையறைக்குள் போவார். கட்டிலில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே குன்றைப் பார்ப்பார். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்து சரி போடுவார்.

அவரால் முடியவில்லை. பத்தொன்பது வயதில் அப்பாவின் காலுக்கு நாலு மாதம் அவர்தான் கட்டு மாற்றினார். அப்பாவுக்கும் இனிப்பு நீர்தான். முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை வெட்டி எடுத்தார்கள். அதற்குமேல் அப்பா ஆறு மாதம் உயிரோடு இருந்தார். அந்த நாட்களுக்குப் பிறகு நாதன் தன் காலைக் குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். குளிக்கும்போது தண்ணீரை ஊற்றுவதோடு சரி. ஜோவானிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் கேட்கவும் இல்லை, அவருக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை.

நட்டு விழுந்த அன்று மாலையும் அவர் ஐந்து கட்டத்திலும் சரி போட்டார்.

மறுநாள் ஒரு மருந்துக் கடையில் மஞ்சள் மருந்தும் பஞ்சும் பிளாஸ்டரும் வாங்கினார். பட்டறைக் கழிப்பறையில், காலைச் சரியாகப் பார்க்காமலே, விரலால் தடவி இடத்தைக் கண்டுபிடித்து மருந்தை அப்பிப் பிளாஸ்டர் ஒட்டினார். வலிக்கவில்லை. வலி இல்லாததால் பெரிதாக ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் காலுறைகளைத் தானே துவைத்துக் காயப்போட ஆரம்பித்தார். ஜோவானுக்கு அது பெருமையாக இருந்தது. பாலர் பள்ளியில் மற்ற ஆசிரியைகளிடம்கூடச் சொன்னாளாம்.

அந்த வாரக் கடைசியில்தான் அவள் இன்னொரு செய்தியோடு வந்தாள். கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து ஃபாதர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அடுத்த ஞாயிறு மண்டபத்தில் உடல்நலக் கூட்டம். சுகர், பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். யாராவது சொந்த அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றாராம்.

“எங்க வீட்டுக்காரர் பேசுவாருன்னு சொல்லிட்டேன்” என்றாள் ஜோவான்.

“என்னா ஜோவான், என்னைக் கேக்காம…”

“பத்து நிமிஷம்தான் லா. நம்ம அட்டையைக் காட்டி, எப்படிப் பழகுனோம்னு சொல்லுங்க. வேற என்னா?”

“நீயே பேசேன். நீதானே டீச்சர்.”

“நான் பேசுனா பாடம் நடத்துறேன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. ஆம்பளைங்க உங்களைப் பாத்தாத்தான் கேப்பாங்க.” அவள் அவர் தோளைத் தொட்டாள். “உங்களைப் பத்திச் சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?”

அப்போது சொல்லியிருக்கலாம். கால் அந்த நேரத்தில் லேசாகக் கனத்தது. சப்பாத்து இறுகினாற்போல இருந்தது. அவர் “சரி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். மேசையில் பார்லித் தண்ணீரும் பழத்துண்டுகளும் வைத்திருந்தார்கள். ஜோவான் பழைய அட்டைகளில் ஆறை நூலில் கோத்துப் பின்சுவரில் தொங்கவிட்டிருந்தாள். வரிசை வரிசையாகச் சரிகள். இடைவெளியே இல்லை.

நாதன் மைக்கைப் பிடித்தார்.   ஜோவான் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தலையாட்டலே அவரைப் பேசவைத்தது.

“பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். ஒரே நாள்ல மாத்தணும்னு நெனைச்சா முடியாது. இன்னைக்கு ஒரு கட்டம். நாளைக்கு ஒரு கட்டம். தே தாரேக்க விடறது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. முதல் வாரம் கடைக்காரனே கவலைப்பட்டுட்டான், எனக்கு உடம்பு சரியில்லையோன்னு.”

சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த மனிதர் கையைத் தூக்கினார். ரேமண்ட், வாடகைக் கார் ஓட்டுபவர். கோயிலில் பார்த்திருக்கிறாரே தவிர நாதன் அவரோடு அதிகம் பேசியதில்லை.

“அண்ணே, ஒரு சந்தேகம். என் வயிறு இருக்கிற இருப்புக்கு என் காலை நானே பாத்துப் பல வருஷம் ஆச்சு. நான் எப்படிப் பாக்கறது?”

மறுபடி சிரிப்பு. நாதன் சிரிக்கவில்லை. வலது பாதத்தைத் தரையில் ஊன்றியிருப்பது அவருக்கு உள்ளபடி தெரியவில்லை. பஞ்சின்மேல் நிற்பது போல இருந்தது. நஸீஹா சொன்ன வார்த்தைகள் தாமாக வாயில் வந்தன.

“தரையில ஒரு கண்ணாடிய வைங்க, ரேமண்ட். நாற்காலியில உக்காந்து பாதத்த அதுக்கு மேல புடிங்க. அடிப்பக்கம் தெரியும். வெரலு இடுக்கையும் பாக்கணும். செவப்பா இருந்தாலோ, தோலு வெடிச்சிருந்தாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. நேரா கிளினிக்.”

“ஒரு நாள்கூடவா?”

“ஒரு நாள்கூட.”

கைதட்டினார்கள். ஜோவான்தான் முதலில் ஆரம்பித்தாள். ரேமண்ட் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “இன்னைக்கே செய்யறேன்ணே. நீங்க சொன்னது மனசுல பட்டுருச்சு” என்றார். கண் கலங்கியிருந்தது. அவருடைய அண்ணன் போன வருடம் டயாலிசிஸில் இறந்துபோனவர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜோவான் பேசிக்கொண்டே வந்தாள். நாதன் காரை ஓட்டினார். வலது கால் எண்ணெய் மிதியின்மேல் இருக்கிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பட்டறையில் அவருக்குக் குளிரெடுத்தது. வெளியே வெயில் கொளுத்தியது, அவர் பற்கள் அடித்துக்கொண்டன. மேலாளர் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஃபெரியில் எப்படி ஏறினார், எப்படி இறங்கினார் என்று பின்னாளில் அவருக்கு ஞாபகமே வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தார்.

ஒரு மணிக்கு ஜோவான் வந்தாள். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே அவளுக்கு நாற்றம் தெரிந்தது. குப்பையை எடுக்க மறந்துவிட்டோமோ என்று முதலில் சமையலறைக்குப் போனாளாம். பிறகு சோபாவுக்கு வந்தாள். நெற்றியைத் தொட்டாள். சூடு. “ஏன் சப்பாத்தோட படுத்திருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே வலது சப்பாத்தைக் கழற்றினாள். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது.

அவள் கத்தவில்லை. சின்னதாக ஒரு சத்தம் வந்தது, மூச்சை உள்ளே இழுத்தது போல. பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தாகவேண்டும், எலும்புக்குள் போய்விட்டது, இப்போதே செய்தால் அத்தோடு நிற்க வாய்ப்பிருக்கிறது என்றார். நாதன் கையெழுத்துப் போட்டார். ஜோவான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இது எத்தனை நாளாக இருந்திருக்கும்?

“இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்” என்றார் டாக்டர்.

ஜோவான் விரல்விட்டு எண்ணினாள். வெள்ளி, வியாழன், புதன் என்று பின்னோக்கிப் போய், ஞாயிற்றுக்கிழமையில் நின்றாள். நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கோயில்ல பேசுனப்பவே இருந்துச்சா?”

அவர் ஆமென்று தலையசைத்தார்.

“ரேமண்டுக்கு பதில் சொன்னப்பவும்?”

“இருந்துச்சு.”

“தினமும் பாத்தீங்கதானே? உள்ள போய்ப் பாத்துட்டு வந்தீங்கதானே?”

“ஒரு நாளும் பாத்ததில்ல, ஜோவான்.”

“ஒரு நாளும்னா?”

“ரெண்டு வருஷமா. ஒரு நாளும்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நான் முதல்ல கை தட்டினேன்.”

அறுவைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போகும்வரை அவள் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. மூன்றாம் நாள் வார்டுக்கு ரேமண்ட் வந்தார். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்கள். கட்டிலருகே வந்து நின்று, கட்டுப் போட்ட காலைப் பார்த்து, “சாமி, உங்களுக்கே இப்படி ஆச்சேண்ணே!” என்றார். “நீங்க இவ்வளவு பாத்துக்கிட்டும்…”

 ரேமண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் அன்னைக்கே ஆரம்பிச்சிட்டேன். கண்ணாடி வெச்சுப் பாத்தா, குதிகால்ல வெடிப்பு. எனக்குத் தெரியவே தெரியாது! நேரா கிளினிக்குப் போயிட்டேன். நல்லவேளை வந்தீங்கன்னு சொன்னாங்க. இப்ப காலையில பூங்காவுல நடக்கறேன், ரெண்டு சுத்துதான், மூச்சு வாங்குது. வீட்ல என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், நாதன் அண்ணனால முடிஞ்சா எனக்கு என்னான்னு.”

ஜோவான் சன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் முதுகில் தெரிந்தது. 

“ரேமண்ட், நான் செய்யல.”

“என்னாண்ணே?”

“அன்னைக்குச் சொன்னது எதையும் நான் செய்யல. சீனித் தண்ணியும் விடல, நடக்கவும் இல்ல. கால் பாத்ததே இல்ல. நான் மைக்கப் புடிச்சுப் பேசுறப்ப இந்தக் காயம் சப்பாத்துக்குள்ளதான் இருந்துச்சு.”

ரேமண்ட் சிரிக்கப் பார்த்தார். பிறகு இது வேடிக்கை இல்லை என்று புரிந்தது. பெரிய முகம் மெல்லச் சிவந்தது.

“அப்போ அந்த அட்டையெல்லாம்?”

“ஜோவானோடது நெசம். என்னோடது சும்மா.”

“என் அண்ணனப் பத்திச் சொல்லி உங்க கையப் புடிச்சிட்டு அழுதேனே.”

 ரேமண்ட் எழுந்தார். பழப்பையை மேசைமேல் வைக்கவா எடுத்துக்கொண்டு போகவா என்று தடுமாறினாற்போல ஒரு நிமிடம் நின்றார். வைத்துவிட்டே போனார். ஜோவானிடம் மட்டும், “வரேன்க்கா” என்றார்.

விஷயம் கோயிலுக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. ரேமண்ட் சொன்னாரா, அவர் மனைவி சொன்னாளா தெரியாது. ஜோவான் அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போகவில்லை. விடியற்காலை ஆங்கிலப் பூசைக்குப் போய், யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் பஸ் ஏறி வந்துவிட்டாள். அதன் பிறகும் அப்படியே செய்தாள். அதைப்பற்றி அவள் நாதனிடம் குறை சொல்லவில்லை. ஒருநாள் அவர்தான் பேச்சை எடுத்தார்.

“என்னால உனக்குக் கோயில்ல தலைகுனிவு.”

“எனக்கு யாரப் பத்தியும் கவலை இல்ல,” என்றாள். “சாயந்தரமானா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்போம். அந்த ஒரு நேரத்துக்காக நான் பகல் பூரா காத்திருப்பேன். புள்ளைங்க கத்தறது, வேலை, எல்லாம் போனாப் போகட்டும்னு. நீங்க உள்ள போய்ச் சும்மா உக்காந்துட்டு வந்திருக்கீங்க.”

அப்போதுதான் அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கட்டு மாற்றிய நாலு மாதத்தையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இத முப்பது வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன். உங்களுக்குப் பதிலா நானே தினமும் பாத்திருப்பேன்.” எழுந்து சமையலறைக்குள் போனாள். அங்கிருந்தே சொன்னாள்: “இப்ப என்னால முடியாது. இப்போதைக்கு முடியாது. நீங்களே பாருங்க.”

அவர் புது அட்டை எழுதலாமா என்று கேட்டபோது, “எனக்குக் கட்டமே வேணாம்” என்று சொல்லிவிட்டாள். அலமாரியிலிருந்த பழைய அட்டைகளையும் பாலர் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, பிள்ளைகள் படம் வரையட்டும் என்றாள்.

காயத்துக்குக் கட்டு மாற்ற ஒன்றுவிட்டு ஒருநாள் கிளினிக்குக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே ஹஸ்ருல் என்ற உதவியாளர்தான் கட்டு மாற்றுவார். முப்பது வயதுக்குள் இருக்கும், பேச்சு குறைவு. முதல் இரண்டு முறையும் நாதன் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் முறை ஹஸ்ருல் இடுக்கியைக் கீழே வைத்தார்.

“அங்கிள், பாருங்கள்” என்றார் மலாயில்.

“பிறகு பார்க்கிறேன்.”

“எனக்கு அவசரமில்லை. வெளியே நாலு பேர்தான் இருக்கிறார்கள்.”

அவர் உண்மையாகவே காத்திருந்தார். நாதன் முழங்கையை ஊன்றி எழுந்தார். பாதத்தைப் பார்த்தார். ஓரத்தில் இரண்டு விரல் இருந்த இடம் சரிவாக, சிவந்த தசையும் தையலுமாக இருந்தது.  அப்பாவின் கால் கண்முன் வந்தது, அந்த வாடையும் வந்தது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஹஸ்ருல் ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். வாந்தி வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மற்றவையும் கண்ணில் பட்டன. கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் வளைந்திருந்தது. கணுக்காலுக்குக் கீழே ஒரு மச்சம். அப்பாவுக்கு அங்கே மச்சம் கிடையாது. தனக்கு இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள்,” என்றார் ஹஸ்ருல். “குளித்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போது. துடைத்துவிட்டு உடனே. வேறு எந்த வேலைக்கும் போவதற்கு முன்னால்.”

அப்படித்தான் ஆரம்பித்தார். மாலை ஐந்தரைக்குக் குளித்து, துண்டால் விரல் சந்துகளை ஒற்றி, பால்கனிக் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பார்.  சில நாள் ஒரு காலோடு நிறுத்திக்கொண்டார். தண்ணியில் சீனியை நிறுத்தியது அதைவிடச் சுலபமாக இருந்தது. மருந்தை ஒரு நாளும் விடவில்லை. நடை இப்போதைக்கு இல்லை. வீட்டுக்குள்ளேயே ஊன்றுகோலோடு கூடத்துக்கும் அறைக்குமாகப் போய் வந்தார்.

ஜோவான் அந்த நேரத்தில் சமையலறையில் இருப்பாள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கமாட்டாள். ஒரு வியாழக்கிழமை அவருக்கு முடியவில்லை. குளித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர், காலைத் தூக்காமல் எழுந்துவிட்டார். சாப்பாட்டு மேசைக்கு வந்து, கேட்காமலே சொன்னார்:

“இன்னைக்குப் பாக்கல.”

அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கிண்டினாள். சாப்பிடும்போது வேறு ஒரு செய்தி சொன்னாள்.

“ரேமண்ட பஸ்ஸுல இருந்து பாத்தேன். பூங்காவுல நடந்துகிட்டு இருந்தாரு. கையையெல்லாம் வீசி.”

“நல்லா இருக்காரா?”

“இளைச்சிருக்காரு.” அப்பளத்தை உடைத்தாள். “போன வாரம் பசார்ல பாத்தேன். பேசுனாரு. உங்களப் பத்திக் கேக்கல.”

“சரி.”

“நீங்க போய்ப் பேசணும், கால் சரியானதும்.”

“போறேன்.”

பிப்ரவரியில் காயம் மூடியது. பட்டறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையாக மாற்றித் தந்தார்கள். பாதத்துக்கு ஏற்ற மாதிரி மெத்தென்ற புதுச் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டார். ரேமண்டைப் பார்க்கப் பூங்காவுக்கு ஒரு காலையில் போனார். அன்று ரேமண்ட் வரவில்லை. இன்னொரு நாள் வந்தார், நாதனைப் பார்த்தார், கையை லேசாகத் தூக்கிவிட்டு நிற்காமல் சுற்றை முடித்துக்கொண்டு போனார். நாதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

புதுச் செருப்புக்கு மாறிய இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மாலை, வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தபோது இடது காலில் ஒன்று தெரிந்தது. நல்ல கால் அது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, செருப்பு வார் உரசும் இடத்தில், ஒரு சிறிய கொப்புளம். சுற்றிலும் சிவப்பு. அவர் விரலால் தொட்டார். தொட்டது விரலுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

சின்னதுதான். நாளைக்குக்கூடத் தானே வற்றிவிடலாம். ஜோவான் அன்று காலையிலிருந்து நல்ல மனநிலையில் இருந்தாள்; மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் தமிழ்ப் பூசைக்குப் போய் வந்திருந்தாள். அதைக் கெடுக்கவேண்டுமா என்று தோன்றியது. மஞ்சள் மருந்து வீட்டில் இருந்தது.  துண்டை மடித்து மடியில் வைத்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“ஜோவான்.”

“என்னா?”

“கொஞ்சம் வந்து பாரேன்.”

சமையலறையில் குழாய் நின்றது. அவள் ஈரக் கையோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, அலமாரியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். குதிகாலைக் கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் காலை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை.

“எப்ப வந்துச்சு?”

“தெரியல. நேத்து இல்ல.”

“நேத்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

அவள் தலையை நிமிர்த்தி அவர் கண்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கவில்லை.

“இந்தச் செருப்ப இனிமே போட வேணாம்” என்றாள் கடைசியில். “காலையில கிளினிக் எட்டு மணிக்குத் தொறப்பாங்க. ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம். நானும் வரேன்.”

“உனக்கு ஸ்கூல்?”

“லீவு சொல்லிக்கறேன்.”

எழுந்து கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். நாதன் பால்கனிக் கதவோரம் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவள் குரல் கேட்டது. “இல்ல டீச்சர், அந்தக் கால் இல்ல, இன்னொரு கால்… பெருசா இருக்கான்னு தெரியல. சின்னதாத்தான் இருக்கு… ஆமா, அவரே பாத்துக் கூப்பிட்டுச் சொன்னாரு.”

கீழே பள்ளிவாசல் தெருவில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. வெளிச்சம் இன்னும் இருந்தது. நாதன் மறுபடி குனிந்து அந்தக் கொப்புளத்தைப் பார்த்தார். பயமாக இருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்காமல், அவள் பேசி முடித்துத் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.